காட்டுக்கு ஒரு கறுப்பு வகிடு

திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போய் வந்தவர்களுக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து திண்டிவனம் வரையில் தெற்கே வந்து, அங்கே மேற்கே திரும்பிச் செஞ்சி வழியாகப் போகிற பாதை. செஞ்சியை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வரிசையாக வரும். ஏதோ ஓர் அரக்கக் குழந்தை விளையாடிவிட்டு, எடுத்து வைக்க மறந்துபோன கூழாங்கற்களைப் போலக் குவிந்து கிடக்கும் குன்றுகள்!

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாத இரவில் அந்தப் பாதையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் ஸீட்டில் ஒரு தாயும் ஐந்து வயசுப் பெண் குழந்தையும். திடீரென்று குழந்தை கையைக் கொட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

"அம்மா, அம்மா! மலைக்கு யாரோ மாலை போட்டிருக்காங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தூரத்துக் குன்று ஒன்றின் இடுப்பில் சிவப்பாக, நெளிநெளியாக ஒரு கோடு. இருட்டில் குன்று தெரியவில்லை. மாலை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. வாஸ்தவமாகவே அழகாகத்தான் இருந்தது. "கார்த்திகை தீபம் மாதிரி இல்லே?" என்றாள் தாயார்.

டிக்கெட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் தலை நிமிராமலே சொன்னார்: "தீபம் இல்லேம்மா அது. மலை எரியுது. வருஷா வருஷம் எரியுது."

பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. குழந்தை மட்டும் அந்த மாலை கண்ணை விட்டு மறையும் வரையில் பார்த்துக்கொண்டே வந்தது.

அந்த 'வருஷா வருஷம்' என்ற வார்த்தை என் மனசை விட்டுப் போகவில்லை. அதை யார் தடுக்கிறார்கள், எப்படித் தடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். கிடைத்த பதில் ஆச்சரியமாக இருந்தது. தீயைத் தடுப்பதற்காகவே, தீக்காலம் வருமுன் வனத் துறையார் காட்டில் தாங்களே தீ வைக்கிறார்களாம்!

வேலியே பயிரை மேய்கிறதா?

இதைப் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னபோது அவள் முகவாய்க்கட்டையில் கையை வைத்துக்கொண்டாள். "நன்னா இருக்கே! வேலியே பயிரை மேயற கதையான்னா இருக்கு?" என்றாள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. அதனால்தான் நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு பிப்ரவரி மாதத்தில் புறப்பட்டேன்.

திண்டிவனம், விழுப்புரம் என்றால் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறது? ரயில்வே ஸ்டேஷன்! விழுப்புரத்தில் ஐந்து திசைகளிலிருந்து தண்டவாளங்கள் வந்து கூடுகின்றன. அங்கே காபி குடித்திருப்போம், வண்டி மாறியிருப்போம். காட்டைப் பற்றி நினைத்திருக்க மாட்டோம். ஆனால் திண்டிவனத்தின் பெயரிலேயே வனம் இருக்கிறது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளிய மரம். புளியங்காடாக இருந்த ஊர் என்பது பெயர்க் காரணம். அங்கே கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம்.

பழைய காடு இன்று பெரும்பாலும் வயலும் வீடுமாக ஆகிவிட்டது. மிச்சமிருப்பது இந்தக் குன்றுகளின் மேலும் அடிவாரங்களிலும்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற செஞ்சிக் கோட்டை மலைகளை உலகமே அறியும். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அக்கம்பக்கத்துக் குன்றுகளைச் சீந்துவாரில்லை. மழைக்காலத்தில் அவற்றின் சரிவுகளில் ஆளுயரம் புல் வளருகிறது. தை பிறந்ததும் அது காய்கிறது. மாசி, பங்குனியில் சாம்பிராணித் தூள் மாதிரி ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது.

விடியற்காலை வேலை

செஞ்சிக்கு அருகே ஒரு காப்புக்காட்டின் அடிவாரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் சூரியன் கிளம்பவில்லை. பத்துப் பேர் இருந்தார்கள். வனவர் ஒருவர், வனக்காப்பாளர் ஒருவர். மற்றவர்கள் தீக்காலத்துக்கென்று தினக்கூலிக்கு அமர்த்தப்பட்ட பக்கத்துக் கிராமத்து ஆட்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். தலையில் முண்டாசு, கையில் மண்வெட்டி, கத்தி, ஆளுக்கொரு கொத்துப் பச்சைத் தழை. இரண்டு பேர் முதுகில், வயலுக்கு மருந்து தெளிக்கிற கைப்பம்பு. அதில் மருந்து இல்லை, வெறும் தண்ணீர்.

முக்கியமான வேலை இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. காட்டு விளிம்பை ஒட்டி இரண்டு நீண்ட கோடுகளாகப் புல்லையும் புதரையும் வெட்டிச் சுத்தமாக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டைப் புல்லை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பட்டையைத்தான் எரிக்கப் போகிறார்கள். எரித்துவிட்டால், பிறகு வெளியிலிருந்து எந்தத் தீ வந்தாலும் அந்தக் கரிந்த இடத்தில் தின்பதற்கு ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர்.

தீக்குச்சியை உரசுவதற்கு முன் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவதாக, கூட்டத்தில் மூத்தவரான ஒரு பெரியவர் ஒரு பிடி புழுதியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கித் தூவினார். புழுதி மெதுவாகக் கிழக்கே சாய்ந்து விழுந்தது. அதுதான் காற்று பார்ப்பது. வனவர் கையில் செல்போன் இருந்தது. அதிலும் காற்று எந்தத் திசை, என்ன வேகம் என்று வருகிறது. அவர் அதையும் பார்த்தார், புழுதியையும் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் தலையை ஆட்டினார்.

இரண்டாவதாக, நாலு பேர் நடுப்பட்டைக்குள் புகுந்து, கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே நெடுகிலும் நடந்தார்கள். ஒரு முயல் பாய்ந்தது. கௌதாரிகள் இரண்டு 'விர்'ரென்று எழும்பிப் போயின. ஓணான், அரணை, பெயர் தெரியாத பூச்சிகள் எல்லாம் ஓடின. "காலி பண்ணுங்க, காலி பண்ணுங்க!" என்று அந்தப் பெண்களில் ஒருத்தி, வாடகைக்காரரை விரட்டும் வீட்டுக்காரியைப் போலக் கத்தவே எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மூன்றாவதாக, ஆளுக்கு ஓர் இடம் குறித்தார்கள். யார் எங்கே நிற்பது, தீ தாண்டினால் யார் கத்துவது, யார் எந்த வழியாக ஓடுவது என்பது வரையில்.

அதற்கப்புறம்தான் நெருப்பு. பெரியவர் கீழேயிருந்து வைக்கவில்லை. பட்டையின் மேல் விளிம்பில், காற்றுக்கு எதிராக வைத்தார். கடுகு வெடிப்பது போலச் சடசடவென்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை எழுந்தது. முழங்கால் உயரத் தீ ஒன்று சரிவில் அடிமேல் அடி வைத்துக் கீழே இறங்கி வந்தது. இரண்டு பக்கமும் தழைக்கொத்தோடு ஆட்கள் கூடவே நடந்தார்கள். கோட்டைத் தாண்டித் துளி நாக்கு நீண்டாலும் 'பட்'டென்று ஓர் அடி! குழந்தை கை நீட்டிப் பட்சணத்தைத் தொட வரும்போது தாயார் புறங்கையில் தட்டுகிற மாதிரிதான்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு தெரு நீளத்துக்குக் கரிக்கோடு போட்டாகிவிட்டது. சூரியன் ஏறிப் பனி உலர ஆரம்பித்ததும், "போதும், இன்னிக்கு இவ்வளவுதான்" என்றார் வனவர். ஆனால் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் அந்தக் கரியிலேயே நடந்தார்கள். ஒவ்வொரு கட்டையிடமும் குனிந்து, குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் புறங்கையை வைத்துப் பார்த்தார்கள். சூடு இருந்தால் தண்ணீர், மறுபடியும் புறங்கை.

"தீ அணைந்துவிட்டதே ஐயா, இன்னும் எதற்கு?" என்று பெரியவரைக் கேட்டேன்.

அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்த வைக்கிறது ஒரு வேலையாம்மா? சின்னப் புள்ளை கூட வைக்கும். அது அணையற வரைக்கும் கூட நிக்கிறதுதாம்மா வேலை" என்றார்.

ஒரு தீக்குச்சிப் பாடம்

மேலேயிருந்து ஏன் வைத்தார்? இதற்குப் புஸ்தகம் வேண்டியதில்லை. உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தலை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். சோம்பேறி மாதிரி நின்று எரியும். தலையைக் கீழே சாயுங்கள். 'குபீ'ரென்று விரலை நோக்கி ஏறி வரும். உஷ்ணம் மேலே போகிறது. போகும் வழியில் இருப்பதையெல்லாம் முன்கூட்டியே வாட்டி வைத்துவிடுகிறது. பிறகு தீ வந்து சேரும்போது பற்றுவதற்கு க்ஷணம் போதும்.

மலைச் சரிவும் இப்படித்தான். சரிவு பத்து டிகிரி கூடினால் மேலே ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு! மேலே ஏறுகிற தீ ஓடுகிற தீ. கீழே இறங்குகிற தீ நடக்கிற தீ. நடக்கிற தீயோடு மனிதன் கூட நடக்கலாம். ஓடுகிற தீயோடு ஓடி ஜெயித்தவர்கள் குறைவு.

நேரமும் அப்படியே. விடியற்காலையில் புல்லில் பனியின் ஈரம் இருக்கிறது, காற்றும் அடங்கியிருக்கிறது. அதே புல்லுக்கு அதே இடத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தீ வைத்தால் அது வேறு தீ. இடம், திசை, நேரம், கூட நிற்கும் ஆள் என்ற நாலும் சேர்ந்தால்தான் அது 'கட்டுப்பாட்டுத் தீ'. நாலில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் தீ.

விறகடுப்பில் சமைத்த நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாதா? எந்த விறகை எப்போது தள்ளுவது, எப்போது இழுப்பது, எப்போது தணலில் விடுவது என்று அவர்கள் ஊதுகுழலோடு ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள். நமக்குக் காஸ் அடுப்பு வந்த பிறகு திருகைத் திருப்புவது ஒன்றுதான் தெரியும்.

சோளகர்கள் வைத்த சருகுத் தீ

காட்டில் தீ வைப்பது புதுச் சமாசாரமல்ல. வள்ளி காவல் இருந்தாளே, தினைப்புனம்! அந்தப் 'புனம்' என்ன? மலைச் சரிவில் மரங்களை வெட்டிக் காயவைத்து, எரித்து, அந்தச் சாம்பலில் விதைக்கிற நிலம்தான். தமிழ்க் கடவுளின் காதல் கதையே எரித்த காட்டில்தான் நடக்கிறது.

சத்தியமங்கலம் பக்கத்திலும், அதை ஒட்டிக் கர்நாடகத்தில் உள்ள பிளிகிரிரங்கன் மலையிலும் சோளகர்கள் என்ற பழங்குடியினர் வசிக்கிறார்கள். பிளிகிரிரங்கன் மலையில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக, வெயில் முற்றுவதற்கு முன்பே தரைச் சருகுக்குச் சின்னத் தீ வைத்து வந்தார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். சருகுத் தீ என்று அர்த்தம். சருகு சேராததால் பெருந்தீக்கு இரை இல்லை. நடக்க வழி தெரியும். யானை நிற்பது தூரத்திலேயே தெரியும். காட்டு நெல்லி மரத்தில் ஒட்டி அதன் சாரத்தை உறிஞ்சும் புல்லுருவியும் இதனால் அடங்கியிருந்தது என்பது அவர்கள் அனுபவம்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1864இல் டயட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். மரம் என்றால் கப்பல், மரம் என்றால் ரயில் தண்டவாளக் கட்டை. அதை எரிப்பவன் சர்க்கார் பணத்தை எரிப்பவன் என்ற அபிப்பிராயம் அப்போது வேரூன்றிற்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது.

ஆனால் அவர்களிலேயே சிலருக்குச் சந்தேகம் வந்தது. பர்மாவில் வேலை பார்த்த ஸ்லேட் என்ற வன உத்தியோகஸ்தர், தேக்கங்காட்டை அளவுக்கு மீறித் தீயிலிருந்து காப்பாற்றுகிறோம், அதனால் இளந்தேக்கு வளராமல் போகிறது என்று 1896லேயே எழுதினார்.

சுதந்தரத்துக்குப் பிறகும் தடை தொடர்ந்தது. பிளிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமாயிற்று. சோளகர்களின் சருகுத் தீ நின்றது. பிறகு நடந்தது என்ன? உண்ணிச்செடி தெரியுமல்லவா? சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்குமே, அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டு வந்த செடி. அது காட்டுத் தரை முழுவதும் படர்ந்துவிட்டது. 1997க்கும் 2008க்கும் இடையில் அது பரவிய இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். சருகுத் தீயை நிறுத்தியதும் இதற்கு ஒரு காரணம் என்பது சோளகர்களின் வாதம். இப்போது அந்தப் புதரில் தீப் பிடித்தால் அது முழங்கால் உயரத் தீயாக இல்லை. மரத்தின் கிளைக்கே ஏணி போட்டு ஏறுகிற தீயாக இருக்கிறது.

அமெரிக்கா படித்த பாடம்

இந்தத் தவறு நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எந்தக் காட்டுத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935இல் அமெரிக்க வனத் துறையார் ஒரு விதியே செய்தார்கள். சூரர்கள்தான், அணைத்தார்கள். அணைத்த இடத்திலெல்லாம் வருஷா வருஷம் சருகும் சுள்ளியும் குவிந்தன. இதற்கிடையில் இன்னொரு வேடிக்கை. கலிபோர்னியாவில் செக்கோயா என்று ஒரு ராட்சத மரம். ஆயிரக்கணக்கான வருஷம் உயிர் வாழ்வது. அதன் காய்கள் பெரும்பாலும் தீயின் சூட்டில்தான் வாய் திறந்து விதை சிந்தும். அந்த விதை முளைக்க எரிந்து வெளுத்த தரை வேண்டும். தீயை அடியோடு ஒழித்ததும் குஞ்சு மரமே இல்லாமல் போயிற்று! 1968இல் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, தானே அளவாகத் தீ வைக்க ஆரம்பித்தது.

அதிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூ மெக்ஸிகோவில் பூங்கா அதிகாரிகள் வைத்த ஒரு கட்டுப்பாட்டுத் தீ, காற்று எழும்பிக் கைமீறிப் போய் லாஸ் அலமாஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. நம் பெரியவர் ஏன் புழுதி தூவிப் பார்த்தார், ஏன் கட்டை கட்டையாகப் புறங்கை வைத்தார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே தணல் ஆகுமா?

"அப்படியானால் செஞ்சி மலை முழுவதையும் வருஷம் ஒருமுறை அளவாக எரித்துவிட்டால் என்ன?" என்று நான் வனவரைக் கேட்டேன். கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று எனக்குள் ஒரு பெருமை.

அவர் சிரித்தார். "பாயசத்துக்கும் தோசைக்கும் ஒரே தணலா வைப்பீங்க, அம்மா?" என்றார்.

விஷயம் இதுதான். சோளகர்களின் காடு, புல்லும் மரமும் கலந்த காடு. அது தீயோடு பழகிய காடு. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பழைய காடு வேறு ரகம். சோழ மண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. வீரை, பாலை, காயா போன்ற மரங்கள், குட்டையானவை, தடித்த, பளபளக்கும் இலை உள்ளவை. கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. ஆகவே அடியில் நிழல், நிழலால் ஈரம், ஈரத்தால் புல் இல்லை, புல் இல்லாததால் தீயும் இல்லை. இப்படித் தன்னைத் தானே காத்துக்கொண்ட காடு!

அது எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையா? மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். சாமி காடு என்பதால் கத்தி படாமல் தப்பித்தது. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தாலும் கோடைக்குப் பந்தல் போட்ட மாதிரி இருக்கும். 1968இல் வெறும் செம்மண் மேட்டில் ஆரோவில் நகரத்தை ஆரம்பித்தவர்கள், மண் அரித்து ஓடுவதைத் தடுக்க வரப்புப் போட்டு, இந்த மரங்களையும் தேடிப் பிடித்து நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது.

இந்த ரகக் காட்டை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் மறுபடி மறுபடி எரித்தால் தாங்காது. மரம் போய் முள் வரும். முள்ளுக்கு நடுவே புல் வரும். புல் தீயைக் கூப்பிடும். தீ இன்னும் புல்லைக் கூப்பிடும். செஞ்சிச் சரிவுகளில் நாம் பார்க்கிற ஆளுயரப் புல், இப்படிப் பல தீக்கள் விட்டுச்சென்ற எச்சம். ஆகவே இங்கே எரிக்க வேண்டியது காட்டை அல்ல. காட்டைச் சுற்றி ஒரு கோட்டை மட்டும். அந்தக் கோட்டுக்கு உள்ளே பத்து வருஷம், இருபது வருஷம் தீ நுழையாமல் இருந்தால், பாறை இடுக்கில் பதுங்கியிருக்கும் பாலையும் வீரையும் மெல்லத் தலை தூக்கும். அவற்றின் நிழல் விழ விழப் புல் ஒடுங்கும். பிறகு ஒரு நாள் கோடு போட வேண்டிய அவசியம் கூடக் குறைந்துவிடும்.

அந்த மார்ச் 11

இதெல்லாம் ஏதோ மரம் செடி விவகாரம் என்று தோன்றினால், 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

தேனி மாவட்டம், குரங்கணி. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இரண்டு குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சென்னைக் குழுவில் இளம் பெண்கள் அதிகம். விடுமுறைக்குச் சிரிப்பும் பாட்டுமாகப் போனவர்கள். காய்ந்த புல் சரிவில் தீ வந்தது. மேலே ஏறுகிற தீ. காற்றோடு சேர்ந்த தீ. 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை!

தீயை அணைக்கப் போகிறவர்களும் தப்புவதில்லை. 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில், கொட்டம்பத்தூர் என்ற இடத்தில் காட்டுத் தீயோடு போராடிய மூன்று வனக்காவலர்கள் அதிலேயே இறந்துபோனார்கள்.

இந்த மாதிரி ஆட்களின் கையில் இருப்பது என்ன? டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004ஆம் ஆண்டிலிருந்து, செயற்கைக்கோள் மூலம் எங்கே தீ எரிகிறது என்று கண்டுபிடித்துச் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதி இப்போது வனக்காப்பாளரின் செல்போனுக்கே வருகிறது. நல்லதுதான். ஆனால் ஆகாயத்திலிருந்து பார்க்கலாமே தவிர அணைக்க முடியுமா? கடைசியில் பாறை மேல் ஏறி ஒரு மனிதன் தழைக்கொத்தால் அடிக்க வேண்டியிருக்கிறது. அவன் அடிக்கிற இடத்தில் முன்பே ஒரு கரிக்கோடு இருந்தால் உயிரோடு வீடு திரும்புகிறான். விடியற்காலைப் பனியில் அவர்கள் போட்டுக்கொண்டிருந்தது காட்டின் உயிருக்கு மட்டும் கோடு அல்ல.

நம்முடைய பங்கு

நம் நாட்டில் காட்டுத் தீ இயற்கையாக மூளுவது அபூர்வம். பெரும்பாலும் மனிதர் கை பட்டுத்தான். புதுப் புல் வேண்டும் என்று வைக்கிறவர்கள் உண்டு. மலையில் தீ வைத்தால் மழை வரும் என்ற பழைய நம்பிக்கையில் வைக்கிறவர்களும் சில ஊர்களில் உண்டு. இவர்களைச் சொல்வானேன்? காரில் போகும் படித்த மனிதர் அணைக்காமல் வீசும் சிகரெட் எந்தத் தினுசில் உயர்த்தி?

ஆகையால் சகோதரிகளே, மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில் குடும்பத்தோடு மலைப் பக்கம் போகிறீர்கள் என்றால் சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். காட்டுப் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் ஆசை வேண்டாம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போனால் யார் வேண்டாமென்கிறார்கள்? மலையில் இருக்கும் சாமிக்குக் கற்பூரம் கோயில் தட்டில் எரியட்டும். பாறை இடுக்கில் வேண்டாம். குழந்தைகள் கையில் மத்தாப்புப் பெட்டி வேண்டாம். வனத் துறையார் ஒரு பாதையை மூடியிருந்தால், "நாங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வாதாட வேண்டாம். தூரத்தில் புகை தெரிந்தால், அழகு என்று போட்டோ எடுப்பதற்கு முன்பு 112க்கு ஒரு போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வழியில் விடியற்காலையில் காக்கிச் சட்டைக்காரர்கள் புல்லுக்குத் தீ வைப்பதைப் பார்த்தால், "அக்கிரமம்!" என்று பதறாதீர்கள். எத்தனை பேர் கூட நிற்கிறார்கள் என்று பாருங்கள். தீ இருந்து, பக்கத்தில் ஆள் இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும்.

நான் திரும்பும்போது பெரியவர் கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தூக்குச் சட்டியிலிருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மருமகள்தான் "காலி பண்ணுங்க" என்று முயலை விரட்டிய பெண். அவள் எழுந்து, சிரித்துக்கொண்டே கையிலிருந்த கரியைப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே பயமில்லையே?" என்றேன்.

"இந்தப் பக்கம் பயமில்லேம்மா. அந்தப் பக்கம் இன்னும் கோடு கிழிக்கலே. நாளைக்கு" என்றாள், மலையின் மறுபக்கத்தைக் காட்டி.

சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். பரட்டைத் தலை மாதிரி மஞ்சளாய்க் காய்ந்து கிடந்த குன்றின் அடியில், யாரோ பொறுமையாக உட்கார வைத்துச் சீவி வகிடு எடுத்த மாதிரி, நேராக ஒரு கறுப்புக் கோடு. அந்தப் பஸ்ஸில் பார்த்த குழந்தை ஞாபகத்துக்கு வந்தது. மலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று கை கொட்டிற்றே! அடுத்த பங்குனியில் அது அந்த வழியே போனால், மலையில் மாலை எதுவும் தெரியாமல் வெறும் இருட்டாகவே இருக்கட்டும்.